வெறுங்கை முழம் போடுமா?

ஆங்கிலத்தில் ‘அமனுவென்சிஸ்’ என்றொரு சொல் உண்டு. ஒருவர் சொல்லச் சொல்லக் குறித்தெழுதுபவரை அது குறிக்கும். பிறர் எழுதியதைப் படியெடுப்பவரையும், நூலாசிரியருக்குத் துணைநிற்கும் செயலரையும் குறிப்பதுண்டு. செவிக்குக் கம்பீரமான சொல்தான். ஆயினும் அதன் பிறப்பை ஆராய்வோர்க்கு, அது அடிமைத்தளையில் பிறந்தது என்பது விளங்கும்.

இலத்தீன் மொழியில் ‘மனுஸ்’ என்றால் கை. எசமானர் சொல்வதை எழுதவென்றே வைத்திருந்த அடிமையை உரோமர் ‘ஆ மனூ’ என்னும் தொடரால் சுட்டினர். கைப்பணிக்குரியவன் என்பது கருத்து. அத்தொடரோடு ஒரு விகுதி சேர்ந்து இச்சொல் உருவாயிற்று. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதனை அப்படியே எடுத்தாண்டனர். அடிமை மறைந்தான், அவனுக்கு இட்ட பெயர் மறையவில்லை. அப்பெயரில் பொதிந்த எண்ணமும் மறையவில்லை. “சிந்தித்தவர் வேறொருவர்; எழுதியவர் வெறுங்கைதானே?” என்று கேட்போர் இன்றும் உளர். அவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம்: வெறுங்கை முழம் போடுமா?

உரோமையே சான்று பகரட்டும். சிசரோவின் அடிமையாயிருந்து கி.மு. 53-இல் விடுதலை பெற்றவர் டைரோ. இலத்தீன் சுருக்கெழுத்து முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. ‘உம்’ என்னும் பொருள்தரும் அதன் குறியொன்றை அயர்லாந்தின் அறிவிப்புப் பலகைகளில் இன்றும் காணலாம். பிற்காலப் பேரரசர் டைட்டஸ், தம் எழுத்தர்களுடன் விளையாட்டாகச் சுருக்கெழுத்துப் போட்டியிட்டார் என வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதிவைத்துள்ளார். பேரரசரே போட்டியிட்டுப் பார்த்த திறமையை வெறுங்கை என்பதா?

ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1652-இல் முற்றிலும் பார்வையிழந்தார். 1667-இல் வெளிவந்த அவருடைய ‘பாரடைஸ் லாஸ்ட்’ பெருங்காப்பியம் பிறர் கைகளால் எழுதப்பட்டதே. கவிஞரை உலகம் போற்றுகிறது. எழுதியோரை எத்தனை பேர் அறிவர்?

இசையமைப்பாளர் டீலியஸ் பார்வையும் கைகால்களின் இயக்கமும் இழந்து பிரான்சில் கிடந்தார். 1928-இல் எரிக் ஃபென்பி என்னும் இளைஞர் அவரிடம் சென்றார். முதியவர் சுரங்களை வாய்மொழியாகச் சொல்ல, இளைஞர் இசைக்குறியீடாக எழுதினார். இப்பணி 1934-இல் டீலியஸ் மறையுங்காறும் நிகழ்ந்தது. இசையறியாத ஒருவரால் அதை எழுதியிருக்க முடியுமா? காது கேட்டது, அறிவு பகுத்தது, அதன் பின்னரே கை எழுதிற்று.

“எழுதியவரைப் போற்றினால் சொன்னவரின் உரிமை குன்றாதா?” என வினவலாம். குன்றாது. நூலின் உரிமையை நாம் அவருக்குக் கேட்கவில்லை. அதன் சாட்சி என்னும் தகுதியையே கேட்கிறோம். சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுவது அமானிதம். அமானிதத்தைக் காப்பது கையன்று, உள்ளம்.

அரபு மொழி இவ்வுண்மையை உணர்ந்திருக்கிறது. எழுதுபவரை அது ‘காத்திப்’ என்கிறது. நாம் அன்றாடம் வழங்கும் ‘கிதாப்’ பிறந்த வேரிலேயே அச்சொல்லும் பிறந்தது. அது உறுப்பைச் சுட்டவில்லை. செயலையும் செய்பவரையும் சுட்டுகிறது. கடன் பற்றிப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டுமெனப் பணிக்கிறது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கிழைக்கலாகாது என இருவரையும் ஒருசேர வைத்துக் காக்கிறது. வெறுங்கையிடம் எவரேனும் நீதியை எதிர்பார்ப்பரோ?

அரபுக் கையெழுத்துச் சுவடிகள் பலவற்றின் இறுதியில், படியெடுத்தவர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் பொறித்திருப்பதைக் காணலாம். அந்நன்மரபு நம் இல்லங்களிலும் தழைக்கட்டும். பாட்டனார் சொல்லப் பேத்தி எழுதும் குடும்ப வரலாறாயினும், மூத்தோர் சொல்ல இளைஞர் எழுதும் ஊர் வரலாறாயினும், கடைசி வரியில் எழுதியவர் பெயரும் நாளும் இடம்பெறட்டும். அச்சிடுவோர் அவ்வரியை நீக்காதிருக்கட்டும். உரோமர் கையென்றனர், நாம் அவரைப் பெயர்சொல்லி அழைப்போம்.