திரைச்சீலையா, தட்டித்திரையா?



சில திங்களுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் புதுவீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். மந்திரிப்பு முடிந்து அனைவரும் கூடத்தில் அமர்ந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, அவ்வீட்டுத் தலைவருக்கும் தலைவிக்கும் இடையே பல நாட்களாக நடந்துவந்த வழக்கொன்று நம் முன்னிலைக்கு வந்தது.

“சாமி, நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள். சன்னலுக்கெல்லாம் துணித்திரை போதும் என்கிறேன் நான். இவர்களோ, இந்தக் கூடத்தில் மாட்டியதுபோல் எல்லா அறைக்கும் பிளைண்டுதான் மாட்ட வேண்டும் என்கிறார்கள்” என்றார் அம்மையார்.

“துணி என்றால் துவைக்க வேண்டும், தேய்க்க வேண்டும், ஆடிக் காற்றில் முகத்தில் வந்து அடிக்கும். எங்கள் அலுவலகத்தில் வந்து பாருங்கள் சாமி, பிளைண்டு எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது!” என்றார் கணவர்.

மூலையில் அமர்ந்திருந்த பாட்டியார், “எங்கள் காலத்தில் சன்னலே முழம் அகலம்தான், அதற்கு ஏன் திரை?” என்று மூன்றாம் கட்சியாக நின்றார்.

இஃது அற்ப வழக்கு என்று நகைத்துவிட வேண்டா. வெளிச்சம், காற்று, வெளிக்காட்சி ஆகிய மூன்றையும் நமக்குத் தருவது சாளரம். கடும் வெயிலையும் பிறர் பார்வையையும் மறிக்க அதற்கொரு திரை வேண்டியிருக்கிறது. மறிக்க வேண்டியதை மறித்து, வர வேண்டியதை வரவிடும் திரையே நல்ல திரை. அவ்வகையில் திரைச்சீலைக்கும், கடைக்காரர் பிளைண்டு என்று வழங்கும் தட்டித்திரைக்கும் உள்ள குணங்களை முறையாகச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

முதற்கண் வெயில். மேற்கு நோக்கிய சாளரத்தில் பிற்பகலில் கதிரவன் தாழ்ந்து நேராகவே நுழைகிறான். கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த வெயில் திரையைச் சுடவைக்கிறது. சூடேறிய திரை அறையைச் சுடவைக்கிறது. ஆதலின் உள்ளே தொங்குவது துணியாயினும் தட்டியாயினும் வெப்பத்தில் ஒரு பகுதியைத்தான் தடுக்க வல்லது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் சிறந்த வழி. நம் முன்னோர் தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி கட்டியதும், கோடையில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்ததும் இதன் பொருட்டே. நனைந்த வெட்டிவேர், வறண்ட காற்று வீசும் உள்நாட்டில் நன்கு குளிர்ச்சி தரும். ஈரக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் அத்துணைப் பயன் தராது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதியின் பழைய வீடுகளில், மரப்பட்டைகளைச் சாய்வாக அடுக்கிய சாளரக் கதவுகளை இன்றும் காணலாம். அவை வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை உள்ளே விடுபவை. எனவே மேற்குச் சாளரம் உடையோர், உள்ளே மாட்டும் திரைக்குப் பெருந்தொகை செலவிடுமுன், வெளியே ஒரு மூங்கில் தட்டிக்கு வழியுண்டா என்று பார்ப்பது நலம். உள்ளே மாட்டுவது எதுவாயினும் அதன் வெளிப்புறம் வெளிர் நிறமாக இருக்கட்டும். துணியானால் பின்புறம் வெள்ளை உள்துணி வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, வெளிச்சமும் காற்றும். இங்கே பட்டைகள் அடுக்கிய தட்டித்திரைக்குத் தனிச் சிறப்பு உண்டு. பட்டைகளை மேல்நோக்கிச் சாய்த்தால் வெளிச்சம் கூரையில் பட்டு அறையெங்கும் மென்மையாகப் பரவும். கணிப்பொறித் திரையில் கண்கூசும் ஒளி விழாது. அலுவலகங்கள் இதனை விரும்புவதற்குக் காரணம் இதுவே. துணித்திரையோ இழுத்தால் இருட்டு, விலக்கினால் வெயில் என்று நிற்கும். ஆயினும், நம் ஊர்களில் சாளரத்தின் கீழ்ப்பாதிக்கு மட்டும் கட்டப்படும் அரைத்திரையை எளிதாக எண்ண வேண்டா. தெருவில் செல்வோர் பார்வையை அது மறைக்கும். மேற்பாதி வழியே ஒளியும் காற்றும் தடையின்றி வரும். அதற்கு ஆகும் செலவோ சில முழத் துணிதான்.

மூன்றாவதாக, தூசியும் பராமரிப்பும். துணி தூசியைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்ளும். இளைப்பு நோயுள்ளோர் வீட்டில் அதை அடிக்கடி வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். பட்டைத் திரையை ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்பது மெய். ஆனால் ஒவ்வொரு பட்டையாகத் துடைக்கும் கை யாருடையது என்பதையும் கணவன்மார் எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும், கிழிந்த துணியை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். நைந்தபின் பையாகவோ கைப்பிடித் துணியாகவோ ஆகும். தட்டித்திரையின் கயிறு அறுந்தாலோ, பல்சக்கரம் தேய்ந்தாலோ கடைக்காரரைத்தான் எதிர்நோக்க வேண்டும். கடற்கரைப் பங்குகளில் வாழ்வோர் இரும்புக் கம்பியும் ஸ்பிரிங்கும் துருப்பிடித்துத் துணியைக் கறையாக்குவதை அறிவர். அங்கே மரக்கோலோ அலுமினியக் குழாயோ ஏற்றது.

துணி வாங்குவோருக்கு ஒரு சொல். திரை மடிப்பு மடிப்பாக அழகுற விழ, சாளரத்தின் அகலத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு துணி வேண்டும். பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும். நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டக் கொடுங்கள். கரூரிலும் சென்னிமலையிலும் நெய்யப்படும் வீட்டு உபயோகத் துணிகள் நாடெங்கும் பெயர் பெற்றவை. நம் நெசவாளர் கைப்பட்ட துணி நம் சாளரத்தில் தொங்குவது நமக்கும் மகிழ்ச்சியன்றோ?

ஆலையிலோ மருத்துவமனையிலோ இரவுப்பணி செய்து பகலில் உறங்குவோர் அறைக்கு, சுவரோடு ஒட்டி விழும் தடித்த திரைச்சீலையே தக்கது; பட்டைகளின் இடுக்கு வழியே ஒளி கசிந்துகொண்டேயிருக்கும். அடுப்பங்கரைச் சாளரத்திலோ துணியே வேண்டா. காற்றில் பறந்து அடுப்பைத் தொட ஒரு கணம் போதும். திருவுருவப் படத்தின் முன் மெழுகுதிரி ஏற்றும் இடத்திற்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். படமேடை சாளரத்தின் அருகே இருந்தால், திரையையோ மேடையையோ மாற்றி அமையுங்கள்.

இவ்வாறெல்லாம் எடுத்துக்கூறி, அறைக்கு ஒன்றாகத் தீர்ப்பளிக்க நாம் வாய் திறந்த வேளையில்தான் அது நடந்தது. அவ்வீட்டின் இரண்டு வயதுக் குழந்தை, கூடத்துத் தட்டித்திரையின் ஓரத்தில் தொங்கிய மணிச்சங்கிலியை எடுத்துத் தன் தலைவழியே கழுத்தில் மாட்டிக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரித்தது. பாட்டி கழுத்தில் செபமாலை அணிவதை நாள்தோறும் காணும் குழந்தையல்லவா! “பாருங்கள் சாமி, என்னைப்போலவே செய்கிறாள்” என்று பாட்டியார் பூரித்தார். அனைவரும் சிரித்தோம், நாமும் சிரித்தோம். அடுத்த கணம் குழந்தை கால் இடறிச் சாய்ந்தது. தாய் பாய்ந்து பிடித்திராவிடில் நடந்திருக்கக்கூடியதை இங்கு எழுத மனம் வரவில்லை. கழுத்தில் ஒரு சிவந்த கோட்டோடு அன்று போயிற்று.

இஃது எங்கோ ஒருமுறை நேரும் செய்தியன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும், 5 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய குழந்தைகளுள் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 9 பேர் சாளரத் திரைகளின் கயிற்றிலும் சங்கிலியிலும் சிக்கி உயிரிழப்பதாக அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்துள்ளது. ஒரு நிமிடத்திற்குள்ளாகவே முடிந்துவிடக்கூடிய இவ்விபத்தில் குழந்தையால் குரல் எழுப்பவும் இயலாது. பக்கத்து அறையில் இருக்கும் தாய்க்கும் கேட்பதில்லை. இதனாலேயே 2018-ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுத் தர விதி, கடைகளில் ஆயத்தமாக விற்கும் திரைகள் கயிறு அற்றவையாகவோ, கைக்கு எட்டாத கயிறு உடையவையாகவோ இருக்க வேண்டும் என்றது. ஐரோப்பாவில் 2014-இல் கடுமையாக்கப்பட்ட விதியின்படி, வளையமாகத் தொங்கும் சங்கிலி தரையிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் உயரத்திலேயே முடிதல் வேண்டும்.

ஆதலின், குழந்தைகள் உள்ள வீட்டார் கயிறு இல்லாத திரையைத் தேர்வதே முதன்மையான வழி. கம்பியில் வளையமிட்டுக் கையால் தள்ளும் திரைச்சீலையில் இத்தொல்லை இல்லை; ஆயினும் அதை ஒதுக்கிக் கட்டும் நாடா வளையமாகத் தாழத் தொங்கலாகாது. ஏற்கெனவே தட்டித்திரை மாட்டியிருப்போர் மூன்று செயல்களை இன்றே செய்யலாம். சங்கிலி வளையத்தைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் பிடியை மாட்டுங்கள். இழுகயிறாயின், ஒன்றரை மீட்டருக்கு மேல் ஓர் ஆணிக்கட்டை அறைந்து, ஒவ்வொரு முறையும் அதில் முழுவதையும் சுற்றி வையுங்கள். முடிச்சிட்டுப் புது வளையம் உண்டாக்காதீர்கள். தொட்டில், கட்டில், நாற்காலி போன்று குழந்தை ஏறக்கூடிய எதையும் அச்சாளரத்தின் அருகே இடாதீர்கள்.

அக்குடும்பத்தின் வழக்கு அன்றே தீர்ந்தது. குழந்தை உறங்கும் அறைக்குத் திரைச்சீலை. தெருவைப் பார்த்திருக்க விரும்பும் பாட்டியார் அறைக்கு அரைத்திரை. கூடத்துத் தட்டித்திரை இருக்கட்டும், சங்கிலியைச் சுவரோடு பொருத்துவது என முடிவாயிற்று. முன்மொழிந்தவர் கணவர், வழிமொழிந்தவர் மனைவி. நமக்குத் தீர்ப்பளிக்கும் வேலையே இல்லாது போயிற்று.

ஆனால் நமக்கு வேறொரு வேலை காத்திருந்தது. பங்கு இல்லத்திற்குத் திரும்பி அலுவலக அறைக்குள் நுழைந்தபோது, நாம் ஆண்டுக்கணக்காகப் பார்த்தும் பாராதிருந்த ஒன்று கண்ணில் பட்டது. நம் மேசைக்குப் பின்னால், அதே மணிச்சங்கிலி ஏறக்குறைய தரையைத் தொட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழேதான் ஞாயிறுதோறும் மறைக்கல்விச் சிறுவர்கள் தம்பி தங்கையரோடு அமரும் பெஞ்சு. பிறருக்குப் புத்தி சொல்லிவிட்டு வந்த நமக்கு வெட்கமாயிற்று. பெஞ்சை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். மறுநாள் தச்சரை வரவழைத்துச் சங்கிலியைச் சுவரோடு பொருத்தச் செய்தோம். பத்து நிமிட வேலை.

திரை வாங்கக் கடைக்குச் செல்லுமுன், அன்பர்களே, ஒவ்வோர் அறையிலும் சற்று அமர்ந்து பாருங்கள். வெயில் எந்நேரம் எப்பக்கம் வருகிறது, காற்று எவ்வழி நுழைகிறது என்று காணுங்கள். அனைத்திற்கும் மேலாக, அவ்வறையில் வாழ்பவர் யார் என்று எண்ணுங்கள். அதன்பின் துணியா, தட்டியா என்று முடிவு செய்வது கடினமன்று. உங்கள் வீட்டில் சிறு குழந்தை இருந்தாலும், விருந்தாக வரக்கூடுமாயினும், இவ்விதழை மடித்து வைத்தவுடன் எழுந்து சென்று உங்கள் சாளரங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம்.