குடிப்பவன் விருந்தாளி, பறிப்பவன் யார்?

திராட்சைத் தோட்டம் பார்க்கப் போவது இன்று பணம் படைத்தவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. காரில் போய் இறங்குகிறார்கள். கொடிப் பந்தலுக்கடியில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். மரப் பீப்பாய்கள் அடுக்கிய குளிர்ந்த நிலவறையை ஓர் ஊழியர் சுற்றிக் காட்டுகிறார். பிறகு ஐந்தாறு கண்ணாடிக் கிண்ணங்களில் ஐந்தாறு வகை ஒயின். ஒவ்வொன்றிலும் ஒரு வாய். வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்புகிறவர்களும் உண்டு. பிறகு ‘கிராமத்துச் சாப்பாடு’. மண்ணின் மணத்தை அறிந்துவிட்டோம் என்ற மனநிறைவோடு மாலையில் வீடு திரும்புகிறார்கள்.

மண்ணின் மணம் தெரிந்தது, சரி. அந்த மண்ணில் வியர்வை சிந்தியவனின் கூலி தெரிந்ததா?

இந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்கிறோம். தோட்டத்தையும் துரவையும் கடற்கரையையும் காட்சிப் பொருளாக்கினால் ஏழைக்குப் பிழைப்பு வரும் என்று சொல்லும் கனவான்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். காரைக்காலிலும் பட்டினச்சேரிக் கரையிலும் திராட்சை விளைவதில்லை. ஆனால் பனை இருக்கிறது, வயல் இருக்கிறது, மீன் இருக்கிறது, மலிவான மது இருக்கிறது. ஆகவே திராட்சை விளையும் தேசங்களில் என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம்.

பந்தலுக்கடியில் நிற்பவர்கள்

தூரம் போக வேண்டாம். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போவோம். பன்னீர் திராட்சையை 1832ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்கிறார்கள். இன்று கம்பம் பக்கத்தில் பத்து ஊர்களில் ஏறக்குறைய 2,000 ஏக்கரில் அது விளைகிறது. ஆண்டு முழுவதும் காய்ப்பது அதன் சிறப்பு. 2023ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுருளி அருவிக்கும் தேக்கடிக்கும் போகிறவர்கள் வழியில் இறங்கிப் பந்தலைப் பார்க்கிறார்கள், பழம் வாங்குகிறார்கள். பார்க்கட்டும், வாங்கட்டும். நமக்கு வருத்தமில்லை.

ஆனால் பந்தல் வேலை என்பது என்ன? நெல் நடுகிறவள் நாள் முழுதும் குனிந்திருக்கிறாள். பந்தல் வேலைக்காரியோ நாள் முழுதும் அண்ணாந்திருக்கிறாள். கவாத்து வெட்டுவது, கொடி கட்டுவது, குலையைச் சீர் செய்வது, பழம் பறிப்பது எல்லாம் தலைக்கு மேல் தூக்கிய கைகளால். கழுத்து கடுக்கும், தோள் இறங்காது. இடையிடையே மருந்தடிப்பு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த ‘போர்டோ கலவை’யை நம் தொழிலாளர்களுக்குத் தெரியும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரான்சின் பேர்போன ஒயின் சீமையான போர்டோவிலிருந்து. 1885 வாக்கில் அங்கே திராட்சைக்கு வந்த நோயைத் தடுக்கக் கண்ட மருந்து அது. சீமான் போர்டோவைக் கிண்ணத்தில் ஏந்துகிறான். நம் ஆள் போர்டோவை முதுகில் சுமக்கிறான்!

ஆலைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. நீங்கள் நூற்ற நூல் பட்டணத்துக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் சேலையாகத் தொங்குகிறது. அதன் நிறத்தைப் பார்க்கிறவர் பலர். அதை நூற்றவனின் நெஞ்சுக்குள் போன பஞ்சுத் தூசியைப் பார்த்தவர் எத்தனை பேர்?

நாசிக்கின் இரண்டு பாதைகள்

இந்தியாவில் ஒயின் என்றால் மகாராஷ்டிரத்து நாசிக். 2001ல் அந்த மாநில அரசு திராட்சை ஒயின் தொழிலுக்கு வரிச் சலுகை தந்தது. 2005ல் சூலா கம்பெனி அங்கே ஒயின் சுவைக்கும் கூடம் திறந்தது. இன்று வார இறுதி நாட்களில் மும்பையிலிருந்து நாசிக்குக்குக் கார்கள் வரிசையாகப் போகின்றன.

அதே சாலையில் எதிர்த்திசையில் இன்னொரு வரிசையும் போனது. 2018 மார்ச் 6ம் தேதி நாசிக்கில் புறப்பட்ட பல்லாயிரம் விவசாயிகள், ஏறக்குறைய 180 கிலோமீட்டர் நடந்து, 12ம் தேதி மும்பையை அடைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகள். தலைமுறை தலைமுறையாக உழும் காட்டு நிலத்துக்குப் பட்டா கொடு என்பது அவர்கள் கோரிக்கை. பாதம் வெடித்து ரத்தம் கசிந்த கால்களை அன்று நாடே படத்தில் பார்த்தது. நாசிக் திராட்சைத் தோட்டங்களுக்குப் பருவ காலத்தில் கூலிக்கு இறங்கி வருவதும் இந்த மலைப்பகுதி மக்களே. சொந்த நிலத்துக்குப் பட்டா இல்லாதவன் பிறர் நிலத்துக் கொடிக்குக் காவல்! தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் இந்தப் பாதையையும் காட்டுவார்களா?

சாம்பெய்ன் சீமையின் லட்சணம்

‘இது இந்தியாவின் கோளாறு; நாகரிக நாடுகளில் அப்படியில்லை’ என்று சிலர் சொல்லக்கூடும். நம்மை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நாகரிகப்படுத்திய பிரான்சையே பார்ப்போம்.

சாம்பெய்ன் சீமையில் எந்திரத்தால் பழம் பறிக்கக் கூடாது என்பது விதி. கையால்தான் பறிக்க வேண்டும். எனவே செப்டம்பர் மாதத்தில் பல்லாயிரம் கைகள் தேவை. 2023ம் ஆண்டு அறுவடையின்போது கடும் வெயில். பழம் பறித்தவர்களில் நான்கு பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அதே பருவத்தில் ஒரு கிராமத்து வீட்டில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட கூலிகளை அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். நாற்றமடிக்கும் கழிப்பறை, தரையில் படுக்கை, ஒழுங்கான சாப்பாடு கிடையாது. 2025 ஜூலையில் ஆள் கடத்தல் குற்றத்துக்காக மூன்று பேரைக் கோர்ட்டு தண்டித்தது. உலகத்துப் பணக்காரர்கள் கல்யாணத்துக்கும் வெற்றி விழாவுக்கும் நுரை பொங்க உடைக்கும் புட்டியின் கதை இது.

கூலிக்குப் பதில் குடி

இதையும் மிஞ்சியது தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாணம். வெள்ளைத் தோட்ட முதலாளிகள் அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். ‘டாப்’ முறை என்று அதற்குப் பெயர். கூலியில் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல் மட்ட ரக ஒயினாகவே தருவது! ஒரு நாளில் பல முறை, வேலை நடக்கும்போதே, குவளை குவளையாக ஊற்றினார்கள். விற்காத சரக்கும் தீர்ந்தது, கூலியும் மிச்சமாயிற்று. குடிக்கு அடிமையான ஆள் தோட்டத்தை விட்டு ஓடவும் மாட்டான். ஒரே கல்லில் மூன்று மாங்காய்! 1960களில் சட்டம் தடுத்தும் 1990கள் வரை பல தோட்டங்களில் இது ஒழியவில்லை. தாய் குடித்த மது கருவிலிருக்கும் குழந்தையின் மூளையைக் கெடுக்கும் நோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்று அந்த ஒயின் நாடு. தாத்தன் வாங்கிய கூலியின் கடனைப் பேரன் உடம்பால் கட்டுகிறான்.

அந்த மக்கள் என்றென்றும் சும்மா இருந்துவிடவில்லை. 2012ல் டி டோர்ன்ஸ் என்ற ஊரில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். அப்போது சட்டப்படி ஒரு நாள் கூலி 69 ராண்ட். அவர்கள் கேட்டது 150. போராட்டத்தில் மூன்று உயிர்கள் போயின. 2013 மார்ச்சு முதல் கூலி 105 ராண்ட் ஆயிற்று. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. ஆனால் கேட்காமல் ஒரு காசும் உயர்ந்திருக்காது.

நம் கரையின் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். காரைக்காலுக்கும் குடித் தொழிலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1853 முதல் மார்த்தினிக் தீவுக்கும், அடுத்த ஆண்டு முதல் குவாதலூப் தீவுக்கும் பிரெஞ்சு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். காரைக்கால் அந்தத் துறைமுகங்களில் ஒன்று. பஞ்சம் துரத்திய நம் பாட்டன் பாட்டிமார் அங்கே கரும்பு வெட்டினார்கள். அந்தக் கரும்பு சர்க்கரையாயிற்று, ‘ரம்’ மதுவாயிற்று. இன்று அந்தத் தீவுகளின் ரம் ஆலைகளும் சுற்றுலாத் தலங்கள். எஜமானன் வாழ்ந்த மாளிகை அழகாகப் பழுது பார்க்கப்பட்டு நிற்கிறது. கூலி வாழ்ந்த குடிசைக்கு யார் ஓடு போட்டார்கள்?

இன்றைய நிலை என்ன? தமிழ்நாட்டில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. புதுச்சேரி ஆட்சியிலோ கள்ளுக்கடையும் சாராயக்கடையும் ஏலத்துக்குப் போகின்றன. சீமைச் சரக்கும் விலை மலிவு. பட்டினச்சேரிக்குப் பக்கத்தில் எல்லையோர வாஞ்சூரில் நின்று பாருங்கள். நாகை, திருவாரூர் பக்கத்துக் கூலி ஆட்கள் நாள் முழுதும் உழைத்த காசோடு வருகிறார்கள், காசில்லாமல் திரும்புகிறார்கள். கேப் மாகாணத்து முதலாளி கூலியைக் குடியாகக் கொடுத்தான். இங்கே கூலியைக் காசாகக் கொடுத்து, குடியாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். வித்தியாசம் இவ்வளவுதான். தமிழ்நாட்டு அரசும் யோக்கியமல்ல. 2003 முதல் சில்லறை மதுக்கடையை அதுவே நடத்துகிறது.

குடியிலும் வர்க்கம் உண்டு. பணக்காரன் சுவைத்துவிட்டுத் துப்புகிறான். அதற்குப் பெயர் ரசனை. ஏழைக்கு வருவது எது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். இருவர் குடிப்பதும் போதைதான். ஒருவனுக்குக் கண்ணாடிக் கிண்ணம், இன்னொருவனுக்குப் பாடை!

தட்டில் இருக்கும் மீன்

‘உள்ளூர்ச் சாப்பாடு’ என்று விளம்பரம் செய்கிறார்கள். பட்டினச்சேரியின் மீனும் டெல்டாவின் சோறும் உலகத்தில் எவர் தட்டுக்கும் பெருமை சேர்க்கும். ஆனால் அந்த மீன் எப்படிக் கரைக்கு வந்தது? 2025 ஜனவரி 28ம் தேதி காரைக்கால் படகு ஒன்றின்மீது இலங்கைக் கடற்படையினர் சுட்டார்கள். அதிலிருந்த 13 மீனவர்களில் சிலர் காயமடைந்தார்கள். கடலில் குண்டு. கரையில் ஏலக்காரன் சொன்ன விலை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது விசைப்படகில் கூலிக்குப் போகிறவனின் அடுப்பு எப்படி எரிகிறது என்று விருந்தாளிக்கு யாரும் சொல்வதில்லை.

சோற்றின் கதை? நெல் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதற்காக, காரைக்காலிலிருந்து வெகு தூரமில்லாத கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ம் தேதி இரவு 44 உயிர்களைக் குடிசையோடு கொளுத்தினார்கள். வாழையிலையில் ஆவி பறக்கும் சோற்றுக்கு அந்த வரலாறும் உண்டு.

நாம் விருந்தாளிக்கு விரோதிகளா?

‘அப்படியானால் யாருமே வரக்கூடாதா?’ என்று கனவான்கள் கேட்பார்கள். விருந்தோம்பலை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துப் பெருமாள் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, வீட்டு மாப்பிள்ளை என்று சொல்லித் தோளில் சுமக்கிறவர்கள் பட்டினச்சேரி மீனவர்கள். கடவுளையே உறவு சொல்லி அழைக்கும் ஊருக்கு வெளியூரான் பாரமா? மாப்பிள்ளை வந்தால் மகிழ்ச்சி. ஆனால் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி வீட்டையே எழுதி வாங்க வருகிற தரகனை நாம் வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

வேலை வரும் என்கிறார்கள். என்ன வேலை? கடலோடியின் மகன் ஓட்டல் வாசலில் கார்க் கதவு திறப்பதும், அவன் தாய் தட்டுக் கழுவுவதும், வலை உலர்த்தும் மணலில் நிழற்குடை முளைப்பதும்தான் வேலை என்றால், அந்தத் தானம் நமக்கு வேண்டாம்.

ஆகவே நாம் வைக்கும் நிபந்தனைகள் இவை:

1. தோட்டமோ வயலோ விடுதியோ, பார்வையாளரிடம் கட்டணம் வாங்குமிடத்தில் வேலை செய்வோரின் தினக்கூலியை நுழைவாயிலிலேயே எழுதி வைக்க வேண்டும். கட்டணமும் கூலியும் ஒரே பலகையில் இருக்கட்டும்.

2. ஆண், பெண் இருவருக்கும் சம வேலைக்குச் சம கூலி, அதுவும் ரொக்கமாக.

3. மருந்தடிப்போருக்குக் கையுறை, முகமூடி, வெயில் வேலைக்கு நிழல், குடிநீர், ஓய்வு, பெண்களுக்குக் கழிப்பறை.

4. படகு நிறுத்தும், வலை உலர்த்தும் கரையில் ஓர் அடிகூட விடுதிக்குப் போகக்கூடாது.

5. உள்ளூர்ச் சாப்பாடு என்று விற்றால், மீனும் அரிசியும் காய்கறியும் அந்த ஊர் மீனவரிடமும் விவசாயியிடமும் தரகனில்லாமல் வாங்க வேண்டும்.

6. வருமானத்துக்கு மதுவையே நம்பியிருக்கும் அரசு, கூலி நாளன்று மதுக்கடை திறப்பதை முதலில் நிறுத்திக் காட்டட்டும்.

இவை நடக்காத காரியங்களா? புதுவையில் 1936 ஜூலை 30ம் தேதி பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் துப்பாக்கிக்கு 12 ஆலைத் தொழிலாளர் இரையானார்கள். அதன் பிறகே எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமாயிற்று. அதற்கு முந்தின நாள் வரை அதுவும் நடக்காத காரியம் என்றுதான் முதலாளிகள் சொன்னார்கள்.

தோழர்களே! தோட்டம் பார்க்க வருகிறவர் வரட்டும். பழத்தைப் புகழட்டும், மீனைப் புகழட்டும். அவரிடம் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஐயா, இதைப் பறித்தவளுக்கு இன்று என்ன கூலி?’ பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் நம் விருந்தாளி. முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், நம் உழைப்பைச் சுவைத்துவிட்டுத் துப்ப வந்தவர்.