குளிரூட்டி ஆடம்பரமா? அவசியமா?

கோடை தொடங்கியதும் எம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரு வாக்குவாதமும் தொடங்கிவிடுகிறது. ஏசி வாங்குவோம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். "நாங்கள் யாழ்ப்பாணத்து வெயிலுக்கை வளர்ந்தனாங்கள், எங்களுக்கு இது பெரிய வெக்கையே?" என்று அப்பப்பாவோ அம்மம்மாவோ சொல்லிவிடுவார். ஹைட்ரோ பில்லை நினைத்துப் பெற்றோரும் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். ரொறன்ரோவில் எம்மவர் மத்தியில் குடும்ப வைத்தியர்களாகப் பணிபுரியும் நாம் இந்த விடயத்தில் பிள்ளைகளின் பக்கமே நிற்க விரும்புகிறோம்.

2021 ஜூன் 25 முதல் ஜூலை 1 வரையிலான ஒரே வாரத்தில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 619 பேர் வெப்பத்தினால் உயிரிழந்தார்கள். அந்த வாரத்தில் லிற்றன் என்ற ஊரில் பதிவான 49.6 பாகை செல்சியஸ் கனடாவின் வரலாற்றில் மிக உயர்ந்த வெப்பநிலையாகும். ஆனால் இறந்தவர்கள் வெயிலில் நின்று வேலை செய்தவர்கள் அல்லர். அவர்களில் 98 சதவீதமானோர் கட்டிடங்களுக்கு உள்ளேயே பாதிக்கப்பட்டவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதைக் கடந்தவர்கள். அரைவாசிக்கும் மேற்பட்டோர் தனியே வாழ்ந்தவர்கள். பெரும்பாலானோர் வீட்டில் குளிரூட்டி இருக்கவில்லை. வெப்பம் கொல்லும் இடம் தெரு அல்ல, பூட்டிய அறை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஊர் வெயிலில் வளர்ந்த உடம்பு என்ற நியாயத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. வெப்பத்துக்கு உடல் பழகிக்கொள்வது உண்மைதான். ஆனால் அந்தப் பழக்கம் வெப்பத்தை விட்டு விலகிய சில வாரங்களிலேயே போய்விடும். முப்பது ஆண்டுகள் பனியில் வாழ்ந்தவரிடம் அது மிஞ்சியிருக்காது. ஊரில் எம்மைக் காத்தது உடம்பு மட்டுமல்ல, வீடும்தான். உயர்ந்த ஓட்டுக் கூரை, காற்றோடும் விறாந்தை, முற்றத்து வேம்பு, கிணற்றடிக் குளிப்பு எல்லாம் இருந்தன. இங்கே குளிரைத் தடுக்கக் கட்டிய கொங்கிரீட் தொடர்மாடி பகல் முழுவதும் வெப்பத்தை உறிஞ்சி வைத்து, நாம் படுக்கும் நேரத்தில் அறைக்குள் விடுகிறது. மேல்மாடிகளில் யன்னலும் ஒரு சாணுக்கு மேல் திறக்காது.

வயது போகப் போக வியர்வை குறைகிறது. தாக உணர்வும் மங்குகிறது. எமது சமூகத்தில் பரவலாகக் காணப்படும் நீரிழிவு, இருதய நோய், சிறுநீரக நோய் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. இரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கப்படும் நீர் மாத்திரைகள் உடலை மேலும் வரட்சியாக்கலாம். மனநோய்க்கான சில மருந்துகள் உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும் ஆற்றலைக் குறைக்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் உளப்பிளவு நோய் உள்ளவர்கள் மற்றவர்களிலும் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டார்கள். போர் தந்த மனக்காயங்களோடும் அவற்றுக்கான மருந்துகளோடும் வாழ்பவர்கள் எம்மிடையே உள்ளனர். பலர் அதை வெளியே சொல்வதில்லை. கோடையில் அந்த மௌனம் உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். கடும் வெப்பம் வருமுன் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். நீர் அருந்தும் அளவு மட்டுப்படுத்தப்பட்ட இருதய நோயாளரும் அவ்வாறே கேட்டறிய வேண்டும்.

வீட்டுக்குள் 26 பாகை வரை அநேகமாகப் பாதுகாப்பானது. 31 பாகைக்கு மேல் போனால் முதியோருக்கும் நோயாளருக்கும் ஆபத்து. எனவே முதலில் வாங்கவேண்டியது சில டொலர் பெறுமதியான ஒரு வெப்பமானி. மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, காற்றை அசைக்கிறது, அவ்வளவுதான். அறை 35 பாகையைத் தாண்டினால் அது முதியவர்மேல் சூட்டுக் காற்றையே வீசும்.

முழு வீட்டையும் குளிர்விக்க எல்லோருக்கும் வசதியில்லை. அது தேவையுமில்லை. ஓர் அறை போதும். யன்னலில் பொருத்தும் குளிரூட்டி மின்சாரத்தைக் குறைவாகவே எடுக்கும், ஆனால் பல கட்டிடங்களில் அதற்கு அனுமதி இல்லை. அப்படியான இடங்களில் சில்லுப் பூட்டிய, நகர்த்தக்கூடிய குளிரூட்டி கைகொடுக்கும். வாங்கும்போது சில விடயங்களைக் கவனியுங்கள்.

சூட்டுக் காற்றை வெளியேற்றும் பருத்த குழாய் இல்லாத பெட்டி குளிரூட்டி அல்ல. தண்ணீர் ஊற்றி இயக்கும் அந்தச் சாதனம் ரொறன்ரோவின் ஈரப்பதமான கோடையில் புழுக்கத்தையே கூட்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள பிரிட்டிஷ் வெப்ப அலகு எண்ணை நம்பி வாங்காதீர்கள். பக்கத்தில் சிறிய எழுத்தில் இன்னோர் எண் இருந்தால், அதுவே உண்மைக்கு நெருக்கமானது. ஒற்றைக் குழாய் உள்ளவை அறைக்காற்றையே வெளியே தள்ளுவதால் அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கால் சூட்டுக் காற்று உள்ளே வரும். இரட்டைக் குழாய் உள்ளவை அதனினும் மேல்.

வீட்டில் பொருத்தும்போது குழாயை நீட்டாமல், வளைக்காமல் யன்னலோடு சேர்த்து, இடைவெளிகளை நன்றாக அடையுங்கள். நேராகச் சுவர்ச் செருகியில் மாட்டுங்கள், நீட்டிப்பு வயர் வேண்டாம். அது சூடாகித் தீப்பிடிக்கலாம். தூசு வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். சில வகைகளில் தண்ணீர்த் தட்டு நிரம்பியதும் இயந்திரம் தானாக நின்றுவிடும். அம்மம்மா தனியே இருக்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது. காலையில் வேலைக்குப் போகுமுன் யாராவது அதை வெறுமையாக்க வேண்டும். வெயில் படும் பக்கத்துத் திரைகளை மூடிவையுங்கள். நண்பகலில் இடியப்பம் அவிப்பதையும் இறைச்சி காய்ச்சுவதையும் அந்தச் சில நாட்களுக்கு மாலைக்குத் தள்ளிவையுங்கள்.

இனிச் செலவு. இத்தகைய குளிரூட்டி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிற் மின்சாரம் எடுக்கும். பத்து மணித்தியாலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு யூனிற் வரலாம். உங்கள் பில்லில் உள்ள விலையால் பெருக்கிப் பாருங்கள். ஒன்ராறியோவில் நேரத்துக்கேற்ற கட்டணம் செலுத்துபவர்களுக்கு இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரையும் வார இறுதியிலும் விலை குறைவு. ஒரு கலியாண வீட்டுக்குப் போய்வரும் செலவில் ஒரு கோடையைக் கடத்திவிடலாம்.

"ஏசிக் காற்றுப் பட்டால் தடிமன் பிடிக்கும், கால் உளையும்" என்ற முறைப்பாட்டையும் அடிக்கடி கேட்கிறோம். தடிமன் கிருமியால் வருவது. கால் உளைவு பற்றிய முறைப்பாட்டில் நியாயம் உண்டு. அதனால் காற்றை நேரே படவிடாமல் திருப்பி, 25, 26 பாகையில் வைத்தாற் போதும். 18 பாகைக்கு இறக்கிவிட்டுப் போர்வை தேட வேண்டியதில்லை.

எமக்குக் கவலை தருவது இயந்திரம் இல்லாத வீடுகள் மட்டுமல்ல. இயந்திரம் வரவேற்பறையில் இருக்க, முதியவர் சூடான பின்னறையில் படுக்கும் வீடுகளும் உண்டு. பிள்ளைகள் வெளியே போனதும் "பிள்ளை உழைக்கிற காசு வீணாகப் போகுது" என்று தாய் எழுந்து சுவிட்சை நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. ஆகவே வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. அவருடைய அறையில் வையுங்கள். மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை தொலைபேசி எடுத்து, "ஏசி ஓடுதா? தண்ணி குடிச்சனீங்களா?" என்று கேளுங்கள். "இது உங்கடை மருந்தம்மா" என்று சொல்லுங்கள். மாத்திரையைக் காசு மிச்சம் பிடிக்க யாரும் நிறுத்துவதில்லை அல்லவா?

பேச்சுத் தடுமாறினால், ஆளை அடையாளம் தெரியாமல் போனால், உடம்பு கொதித்து மயக்கம் வந்தால் அது வெப்பத் தாக்கு. உடனே 911 ஐ அழையுங்கள். உதவி வரும்வரை ஈரத்துணியால் உடலைத் துடைத்துக் காற்று வீசுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். ரொறன்ரோவில் பொதுக் குளிர் இடங்கள் எங்கே உள்ளன என்பதை 311 இல் கேட்டறியலாம்.

2023 இல் பிரிட்டிஷ் கொலம்பியா அரசு, வருமானம் குறைந்த, உடல்நலம் குன்றியவர்களுக்கு 8,000 குளிரூட்டிகளை இலவசமாக வழங்க முன்வந்தது. 619 உயிர்களைக் கொடுத்த பின்னரே அந்த மாகாணம் அவற்றை மருத்துவத் தேவையாகப் பார்க்கத் தொடங்கியது. ஒன்ராறியோவில் வாடகை வீட்டுக்காரர் பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. கோடைக்கும் அதுபோன்ற பாதுகாப்பு எல்லா ஊர்களிலும் வேண்டும் என்று எமது சங்கங்கள் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்கவேண்டும். சட்டம் வரும்வரை காத்திராமல், இந்தக் கோடையில் எமது பெரியவர்களின் அறைகளை நாமே குளிர்வித்து வைப்போம்.