17,500 ரூபாயும் 142ஆவது பிரிவும்

அதுல் குமார் வழக்கை ‘ஏழை மாணவருக்கு உச்ச நீதிமன்றம் கருணை காட்டியது’ என்றே பலர் பேசினார்கள். ‘கருணை’ என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை.

உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்துத் தலித் மாணவர். அப்பா தினக்கூலி. 2024இல் தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. ஜூன் 24, மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். பணத்தைப் புரட்டி, இணையதளத்தில் கட்டி முடிப்பதற்குள் மணி ஐந்தாகிவிட்டது. இடம் போனது. அதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பும்கூட.

பிறகு அவர் அலைந்ததைப் பாருங்கள். தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம், ஜார்க்கண்ட் சட்டப்பணிகள் ஆணைக்குழு, தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் நம் சென்னை உயர் நீதிமன்றம், கடைசியில் டெல்லி. செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, கூடுதல் இடம் உருவாக்கிச் சேர்க்கச் சொன்னது. 2021இல் மும்பை ஐஐடியில் கட்டணம் கட்ட முடியாமல் இடம் இழந்த தலித் மாணவருக்கும் இதே பிரிவுதான் கைகொடுத்தது. டெல்லிவரை போக முடியாதவர்கள் எத்தனை பேரோ!

ஊத்துக்கோட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஒப்பந்த வேலைக்குப் போகும் பெற்றோருக்குச் சம்பளம் ஏழாம் தேதியோ பத்தாம் தேதியோ. கல்லூரியின் கெடு தேதி அதைப் பார்த்தா வருகிறது? ‘நேரத்துக்குக் கட்டவில்லை’ என்ற காரணம் சாதி பார்க்காததுபோலத்தான் தெரியும். ஒரே போனில் இருபதாயிரம் புரட்டித் தரும் சொந்தபந்தம் யாருக்கு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், அங்கே சாதி தெரியும். அதனால்தான் சொல்கிறேன், அதுல் குமாருக்குத் திரும்பக் கிடைத்தது அவருடைய இடம்தான்.

நம் காலனிப் பிள்ளை யாரையாவது கல்லூரி வெளியே நிறுத்தினால், ‘நாளைக்கு வா’ என்பதை நம்பி நாட்களை இழக்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பணம் கட்ட முயன்ற ஸ்க்ரீன்ஷாட்டை அழிக்காதீர்கள். யுஜிசியின் 2023 விதிமுறைகளின்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் பெண் ஒருவரும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் கட்டாயம். (இருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.) அந்தக் குழு கைவிரித்தால், முடிவு கைக்கு வந்த 15 நாட்களுக்குள் ஆம்புட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வக்கீலுக்குக் காசில்லையே என்று பின்வாங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருகிறது. திருவள்ளூரில் மாவட்ட ஆணைக்குழுவிடம் மனு கொடுங்கள். சாதிச் சான்றிதழ் நகலை எடுத்துப்போக மறக்காதீர்கள்.