பெரியவர்களுக்கான காதல் விளையாட்டு

தலைப்பைப் பார்த்ததும் சில நண்பர்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கீழே படிப்பார்கள் என்று தெரியும். பயப்பட வேண்டாம், பேரப்பிள்ளைகள் எதிரிலேயே படிக்கலாம். கதை கேட்பதில் புதிதாக ஒரு முறை வந்திருக்கிறது. அதில் நல்லது எது, குறை எது என்று எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

இதற்கு விஷுவல் நாவல் என்று பெயர். கம்ப்யூட்டரிலோ கைப்பேசியிலோ ஒரு படம் வரும். அதில் இரண்டு பேர் நிற்பார்கள். அடியில் அவர்கள் பேசுவது எழுத்தில் ஓடும். ஒரு கட்டத்தில் கதை நின்றுவிடும். "இப்போது என்ன பதில் சொல்வாய்?" என்று இரண்டு மூன்று வரிகளைக் காட்டும். நாம் ஒன்றைத் தொட்டால்தான் கதை நகரும். தொட்டதைப் பொறுத்துக் காதல் கூடும், அல்லது முறியும். இவற்றில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று முத்திரை குத்தியே வருபவை ஏராளம்.

முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது முற்றிலும் புதிதாகப் படவில்லை. "பொருந்தாததை அடிக்கவும்" என்று எத்தனை ஆயிரம் படிவங்களைப் பார்த்திருப்பேன்! 'ஆம் எனில் 4ஆம் பத்திக்குச் செல்க, இல்லை எனில் 7ஆம் பத்திக்குச் செல்க' என்பதும் நமக்குப் பழக்கமான நடைதான். அதே நடையில் பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ 1967இலேயே ஒரு குட்டிக்கதை எழுதியிருக்கிறார். பள்ளியில் படித்த பிரெஞ்சின் புண்ணியத்தில் பிற்பாடு அதைப் படித்தேன். மூன்று பட்டாணிகளின் கதை வேண்டுமா, வேண்டாமா என்று ஆரம்பத்திலேயே கேட்பார். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனால் கதை சீக்கிரமே முடிந்துவிடும். அவர் அதை வேடிக்கைக்காகச் செய்தார்.

ஜப்பான்காரர்கள் இதைக் காதலுக்குக் கொண்டுபோனார்கள். 1994இல் கொனாமி கம்பெனி வெளியிட்ட 'டோகிமேகி மெமோரியல்' என்ற விளையாட்டில், மேல்நிலைப் பள்ளி மாணவனாக மூன்று வருஷம் வாழ வேண்டும். உடன் படிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் நம்மேல் எவ்வளவு பிரியம் என்று உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 2004இல் ரென்பை என்ற இலவச மென்பொருள் வந்த பிறகு, கதை எழுதத் தெரிந்த யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து இப்படி ஒன்றைத் தயாரிக்கலாம் என்று ஆகிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் கதாநாயகி பதில் சொல்லும்வரை நாம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். இதில் பதிலை நாம்தான் சொல்ல வேண்டும். அந்தச் சில விநாடி நிறுத்தம் இருக்கிறதே, அது பெரிய விஷயம். இதைச் சொன்னால் அவளுக்கு வலிக்குமா, சொல்லாவிட்டால் வலிக்குமா என்று யோசிக்கிறோம். வீட்டில் நாற்பது வருஷம் அப்படி ஒரு விநாடி நின்று யோசிக்காமலே பதில் சொல்லிப் பழகிய ஆண்களுக்கு இது நல்ல பயிற்சி. அதோடு, எழுபத்தைந்து வயதுக் கிழவன் ஒரு இளம் பெண்ணின் இடத்தில் நின்று, அவள் வாயால் பேச வேண்டியிருக்கிறது. நாவல் படிக்கும்போதும் இது நடக்கிறது. ஆனால் இங்கே தப்பித்துப் பக்கத்தைப் புரட்ட முடியாது.

இனி குறைகள். முதல் குறை, காதலுக்கு மார்க் போடுவது. சரியான பதிலுக்கு ஐந்து மார்க், பிடித்த பரிசு கொடுத்தால் பத்து மார்க் என்று சேர்த்தால், கடைசியில் பெண் கிடைப்பாள். பரீட்சை எழுதி உத்தியோகம் வாங்குகிற மாதிரி. எதிரில் இருப்பவளுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறது, நாம் எல்லாம் சரியாகச் செய்தாலும் அவள் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதற்கு இதில் இடமே இல்லை.

இரண்டாவது குறை, பின்னால் போகும் வசதி. ரென்பையில் செய்த கதைகளில் ஒரு பதில் பிடிக்கவில்லை என்றால் பின்னோக்கிப் போய் வேறு பதிலைத் தொடலாம். 2001இல் ஜீவா இயக்கி ஷாம் நடித்த '12பி' படம் பலருக்கு ஞாபகம் இருக்கும். பஸ்ஸைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை, தவறவிட்டால் இன்னொரு வாழ்க்கை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஆனால் பஸ்ஸைத் தவறவிட்டவன் திரும்பிப் போய் அதே பஸ்ஸைப் பிடிப்பதில்லை. அதில்தான் அந்தக் கதையின் கனம் இருக்கிறது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு?

மூன்றாவது குறைதான் எனக்கு முக்கியம். 'பெரியவர்களுக்கான' என்றால் படுக்கையறை என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படுக்கையறை வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அகத்திணை வகுத்த மொழி நம்முடையது. ஆனால் அதே அகத்திணை காதலை எத்தனையாகப் பிரித்தது? குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். ஐந்தில் ஒன்றுதான் கூடல். மற்ற நான்கும் காத்திருப்பது, கோபித்துக்கொள்வது, கடற்கரையைப் பார்த்து ஏங்குவது, விட்டுப் பிரிவது. இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை குறிஞ்சியோடு கடையைக் கட்டிவிடுகின்றன. பெண் சம்மதித்ததும் 'முற்றும்'. நம் அனுபவத்தில் அங்கேதானே ஆரம்பம்? வீட்டு வாடகை, மாற்றல் உத்தரவு, பிள்ளையின் காய்ச்சல், மாமியாரின் மௌனம் எல்லாம் அதற்குப் பிறகுதான். என்னைக் கேட்டால் பெரியவர்களுக்கான காதல் என்பது அதுதான்.

இப்படி நான் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது என் பேத்தி, "தாத்தா, அப்படின்னா நீங்க இதைப் பாருங்க" என்று தன் கம்ப்யூட்டரில் 'வெண்பா' என்ற விளையாட்டைப் போட்டுக் காட்டினாள். யாப்பிலக்கணமோ என்று நினைத்தேன். இல்லை, கதாநாயகியின் பெயர் வெண்பா. கணவன் பெயர் பாவலன். கனடாவின் டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டு என்று இதற்குப் பரிசு கொடுத்திருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கதை இதுதான். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன இளம் தம்பதி. நிலையான வேலை இல்லை, சொந்தபந்தம் இல்லை. வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்கிறது. கிழிந்து, கறைபட்டு, சில வரிகள் அழிந்துபோன புத்தகம். விட்டுப்போன வரிகளை நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் பலகாரம் இட்லி. தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று நான் திணறியதைப் பார்த்து என் மனைவி சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். சமையலுக்கு நடுவே பேச்சு வரும். அந்தப் பேச்சில் வெண்பாவின் பதிலை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு கவின் என்ற பிள்ளை பிறக்கிறான், வளர்கிறான், தமிழை விட்டு விலகுகிறான். பாவலன் இல்லாத காலமும் வருகிறது. படுக்கையறைக் காட்சி எதுவும் கிடையாது. இருந்தாலும் நான் பார்த்தவற்றில் பெரியவர்களுக்கான காதல் கதை இதுதான். இங்கே முல்லை உண்டு, ஊடல் உண்டு, பாலை உண்டு, இரங்கலும் உண்டு.

தொடக்கத்திலேயே ஒரு கேள்வி வருகிறது. வெண்பா கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும், இங்கேயே இருப்பதா, ஊருக்குத் திரும்புவதா என்று இருவரும் பேசுகிறார்கள். நான் 'திரும்பலாம்' என்ற பக்கமாகப் பேசினேன். அவர்கள் திரும்பவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆடி, வேறு பதில்களைத் தொட்டோம். அப்போதும் கதை அதே வழியில்தான் போனது. "பாத்தீங்களா தாத்தா, நம்ம எதைச் சொன்னாலும் ஒண்ணும் மாறல. இதுதான் இதோட மைனஸ்" என்றாள் பேத்தி. விளையாட்டுகளைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லக்கூடிய நியாயமான குறைதான் அது. ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

புதுச்சேரி ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தானாலும், 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கேயே வசித்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்கு அப்பா எடுக்கும் முடிவுதான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறு மாதமும் எங்கள் திண்ணையில் வேறு பேச்சே இல்லை. பிரெஞ்சுப் படையில் இருந்த சித்தப்பா எழுதிக் கொடுத்துவிட்டு பிரான்ஸ் போனார். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. சில வருஷத்தில் பிழைப்புக்காக ராயபுரம் வந்தோம். நான் படித்த பிரெஞ்சு இங்கே உப்புக்குக்கூட உதவவில்லை. தட்டச்சும் ஆங்கிலமும் புதிதாகக் கற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பாவின் முடிவில் எனக்கு வருத்தம் இல்லை.

அம்மாவுக்கு எண்பது வயது இருக்கும்போது ஒருநாள், "நீ என்னம்மா நினைச்சே அப்போ?" என்று கேட்டேன். அம்மா சொன்னாள்: "என்னை யாருடா கேட்டாங்க? கேட்டிருந்தா நானும் இங்கயே இருக்கலாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்."

பேத்திக்கு இதைத்தான் சொன்னேன். பதில் மாறியிருக்காது, முடிவும் மாறியிருக்காது. ஆனாலும் கேட்டிருக்கலாம். நாற்பது வருஷத்துக்கு மேல் அம்மா மனசில் கிடந்தது அந்த ஒரு வரி. 'வெண்பா' விளையாட்டு அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்கிறது. அவள் வாயில் வார்த்தைகளை வைத்து, எதைச் சொல்கிறாய் என்கிறது. வாழ்க்கை அவள் சொன்னபடி போகவில்லை என்பது வேறு விஷயம். நம்மில் யாருக்குத்தான் போயிருக்கிறது? பத்து விதமான முடிவுகளை வைத்து, பிடித்ததை எடுத்துக்கொள் என்று சொல்லும் கதைகளைவிட இது நேர்மையானது.

ஆனால் இதிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கேட்டுவிட்டால் போதாது, கேட்டதை நினைவில் வைத்துக்கொள்ளவும் வேண்டும். வெண்பா முதலில் 'திரும்பலாம்' என்றாளா, 'இருக்கலாம்' என்றாளா என்பது பிற்பாடு யாருக்கும் ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை. நிஜத்தில் அப்படியா? கல்யாணமான புதிதில் மனைவி சொன்ன ஒரு வார்த்தையை, முப்பது வருஷம் கழித்து ஒரு சண்டையில் நாமோ அவர்களோ எடுத்து வைக்காமல் இருந்திருக்கிறோமா? முடிவு மாற வேண்டாம். "நீ அப்பவே போகலாம்னு சொன்னே" என்று வயதான பாவலன் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால், தொட்ட பதிலுக்கு ஒரு எடை வந்திருக்கும்.

இன்னொன்று, பாவலனை நாம் போதுமான அளவுக்குச் சந்திப்பதில்லை. அவனுடைய ஏமாற்றங்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. தாய்-மகன் கதை வளர வளர, கணவன்-மனைவி கதை ஓரத்துக்குப் போய்விடுகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் பல வருஷங்களை அடைத்தால் இப்படித்தான் ஆகும்.

இங்கே நம் பக்கத்திலேயே இப்படிச் சொல்ல எத்தனை கதைகள் இருக்கின்றன! எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டபோது, இருப்பதா வேறு ஊருக்குப் போவதா என்று பேசிய தம்பதிகள் இருப்பார்கள். காசிமேட்டில் படகு திரும்பும்வரை தூங்காதவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் கப்பலில் இருக்கும் கணவனோடு வீடியோவில் சண்டை போட்டுவிட்டு, போனை வைத்த பிறகு அழுகிறவர்கள் இருக்கிறார்கள். நெய்தல் திணைக்கு இதைவிடப் பொருத்தமான மண் எது? ரென்பை இலவசம்தான். திருவொற்றியூர்ப் பிள்ளைகள் யாராவது முயன்று பார்க்கலாம்.

அதுவரை, பேரனோ பேத்தியோ வீட்டுக்கு வரும்போது 'வெண்பா'வைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தனியாக உட்காராதீர்கள். வீட்டுக்காரம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு பதிலையும் அவர்களைக் கேட்டுத் தொடுங்கள். இட்லித் தட்டு விஷயத்திலும் அதுதான் உத்தமம்.