ஜடேஜாவுக்கு 14 கோடி, பிரசாந்த் வீருக்கு 14.20 கோடி: சிஎஸ்கே கணக்கில் எது சரி, எது தப்பு?

ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு அனுப்பினது துரோகம்னு ஒரு கூட்டம். வயசாயிடுச்சு, அனுப்பினதுதான் புத்திசாலித்தனம்னு இன்னொரு கூட்டம். அண்ணனூர் ஸ்டேஷன்ல காலைல லோக்கலுக்கு நிக்கிற கூட்டத்துலயும் இந்த ரெண்டு கட்சிதான். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: டிரேட் சரி. ஆனா "வயசாயிடுச்சு"ங்கற காரணத்துக்காக இல்ல. அதுக்கு அப்புறம் நடந்த ஏலத்துலதான் எனக்குப் பிரச்சனை இருக்கு.

முதல்ல எண்களைப் பார்ப்போம். 2025 நவம்பர் 15-ம் தேதி ஐபிஎல் நிர்வாகம் அறிவிச்சது இதுதான். சஞ்சு சாம்சன் அதே 18 கோடிக்கு சென்னைக்கு வர்றார். ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போறாங்க. கரன் அதே 2.40 கோடியில. ஜடேஜாவோட சம்பளம் மட்டும் 18 கோடியிலிருந்து 14 கோடியா குறையுது.

சென்னை கணக்குல வெளிய போனது 20.40 கோடி, உள்ள வந்தது 18 கோடி. கையில மிச்சம் 2.40 கோடி. ராஜஸ்தான் கணக்குல வெளிய போனது 18 கோடி, உள்ள வந்தது 16.40 கோடி. அவங்களுக்கும் 1.60 கோடி மிச்சம். ரெண்டு பேருக்கும் லாபம்னா காசு எங்கிருந்து வந்தது? ஜடேஜா பாக்கெட்லேர்ந்துதான். டெபிட் ஆனா எங்கயாவது கிரெடிட் ஆகணும் இல்லையா. டிவி விவாதங்கள்ல "வின்-வின் டீல்"னு சொன்னவங்க இந்த 4 கோடியைப் பத்திப் பெருசா பேசல.

இப்போ வயசு விஷயம். ஜடேஜாவுக்கு 37, சாம்சனுக்கு 31. ஆறு வருஷ வித்தியாசம், அதனால சாம்சன்தான் எதிர்காலம்னு சொல்றாங்க. ஆனா ஐபிஎல்-ல ஒரு அணி வாங்கறது ஆளை இல்ல, சில சீசன்களுக்கான உரிமையைத்தான். இப்போ ஓடற சுழற்சி 2025, 2026, 2027. அதுக்கு அப்புறம் மறுபடி மெகா ஏலம், கிட்டத்தட்ட எல்லாரும் வெளிய. ஆக ஜடேஜா கிட்ட சென்னைக்கு மிச்சம் இருந்தது ரெண்டு சீசன். சாம்சன் கிட்ட ராஜஸ்தானுக்கு மிச்சம் இருந்ததும் அதே ரெண்டு சீசன். சாம்சன் 36 வயசு வரைக்கும் ஆடுவார்ங்கறது சென்னையோட சொத்து இல்ல.

அப்போ அந்த ரெண்டு சீசனுக்கு யார் அதிகம் தருவாங்க? 2025-ல ஜடேஜா 301 ரன், 10 விக்கெட். சாம்சன் காயத்தால 9 மேட்ச் மட்டும் ஆடி 285 ரன். இதை மட்டும் வச்சுப் பார்த்தா டிரேட் பண்ண வேண்டிய அவசியமே தெரியாது.

அப்புறம் ஏன் சரிங்கறேன்? ஒரு கார் வாங்கறப்போ அஞ்சு வருஷம் கழிச்சு என்ன விலைக்குப் போகும்னு பார்ப்பீங்க இல்லையா, அதைத்தான் நாங்க ரெசிடுவல் வேல்யூன்னு சொல்வோம். 2027 முடியும்போது சென்னைக்கு சிலரைத் தக்க வைக்கற வாய்ப்பு வரும். போன மெகா ஏலத்துல ரிடென்ஷன், ரைட் டு மேட்ச் ரெண்டும் சேர்த்து ஆறு பேர் வரை வச்சுக்கலாம்னு விதி இருந்தது. அப்போ ஜடேஜாவுக்கு 39 ஆகப் போகும். அவரைத் தக்க வைப்பாங்களா? கஷ்டம். சாம்சனுக்கு 33. நல்லா ஆடியிருந்தா கண்டிப்பா வைப்பாங்க. ரெண்டு வருஷ உபயோகம் சமம்னு வச்சுக்கிட்டாலும், கடைசியில கையில நிக்கற மதிப்பு சாம்சன் பக்கம்தான்.

இன்னொண்ணு, தோனிக்கு 44 வயசு. அவருக்குப் பின்னாடி ஒரு கீப்பர் வேணும், அதுவும் டாப் ஆர்டர்ல ஆடத் தெரிஞ்சவரா, ஒரு அணியை நடத்தினவரா. 2022-ல ராஜஸ்தானை ஃபைனல் வரைக்கும் கொண்டு போனவர் சாம்சன். இந்த மூணும் சேர்ந்த இந்திய வீரர் ஏலத்துல சுலபமா கிடைக்க மாட்டார். 2023 ஃபைனல்ல அகமதாபாத்ல கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்சது எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா அதுக்கான சம்பளம் கொடுத்தாச்சு.

இனிமேதான் சிக்கலான இடம்: சீரமைப்பு. 2025-ல சென்னை 14 மேட்ச்ல 4 ஜெயிச்சு, வரலாற்றுலயே முதல் தடவையா கடைசி இடம். உடனே எல்லாரும் "ரீபில்ட்"னு பேச ஆரம்பிச்சாங்க. இந்த வார்த்தை அமெரிக்க விளையாட்டு லீக்குகள்லேர்ந்து வந்தது. அங்க அதுக்கு ஒரு தெளிவான கணக்கு உண்டு. வட அமெரிக்காவோட ஹாக்கி லீக்கை எடுத்துக்கோங்க (எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துல ஆடற ஹாக்கி இல்ல, ஐஸ் மேல ஆடறது). 2023 ஆகஸ்டுல சான் ஹோசே ஷார்க்ஸ் அணி, அந்த வருஷத்தோட சிறந்த டிஃபன்ஸ்மேன் விருது வாங்கின எரிக் கார்ல்சனை பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்தது. அவருக்கு 33 வயசு, வருஷத்துக்கு 1.15 கோடி டாலர், ஒப்பந்தம் இன்னும் நாலு சீசன். அவ்வளவு பெரிய பாரத்தை யாரும் முழுசா ஏத்துக்க மாட்டாங்க. அதனால வருஷம் 15 லட்சம் டாலரை ஷார்க்ஸே கொடுக்கறதா ஒத்துக்கிட்டாங்க. பதிலுக்கு வாங்கினதுல முக்கியமானது ஒரு முதல் ரவுண்டு டிராஃப்ட் உரிமை. அடுத்த சீசன் ஷார்க்ஸ் கடைசி இடம். கடைசி இடத்துக்கு அங்க பரிசு உண்டு: புது பசங்களை எடுக்கறதுல முதல் வாய்ப்பு கிடைக்கற சான்ஸ் அதிகம். 2024-ல அப்படித்தான் மேக்லின் செலிப்ரினிங்கற 18 வயசுப் பையன் அவங்களுக்குக் கிடைச்சான்.

அங்க நல்ல வீரரை விக்கறதுக்கும், தோக்கறதுக்கும், காத்திருக்கறதுக்கும் விலை இருக்கு. ஷார்க்ஸ் 33 வயசுக்காரரைக் கொடுத்துட்டு, பல வருஷம் கட்டுப்பாட்டுல இருக்கப் போற ஒரு பையனை நோக்கிப் போனாங்க. காலக்கெடு பொருந்துது.

ஐபிஎல்-ல கடைசி இடம் வந்தா என்ன கிடைக்கும்? மீம்ஸ் கிடைக்கும். டிராஃப்ட் கிடையாது. ஏலத்துல கடைசி அணிக்குத் தனி சலுகை கிடையாது. மூணு வருஷத்துல மெகா ஏலம் வந்து எல்லாத்தையும் கலைச்சுடும். அதனால ஐபிஎல்-ல "அஞ்சு வருஷத் திட்டம்"ங்கறதே ஒரு அளவுக்கு மேல அர்த்தம் இல்லாத பேச்சு. 2025-ல முதல் வருஷம் போச்சு. மிச்சம் ரெண்டு.

இதை மனசுல வச்சுக்கிட்டு டிசம்பர் 16, அபுதாபி ஏலத்தைப் பாருங்க. சென்னை கையில 43.40 கோடி. அதுல உத்தரப் பிரதேசத்தோட 20 வயசு ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீருக்கு 14.20 கோடி. ராஜஸ்தானோட 19 வயசு கீப்பர் கார்த்திக் சர்மாவுக்கு இன்னொரு 14.20 கோடி. ரெண்டு பேருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். இந்தியாவுக்கு ஆடாத வீரர்களுக்கு இதுவரை கொடுத்ததுலயே அதிக விலை. கையில இருந்ததுல ஏறக்குறைய 65 சதவீதம் ரெண்டு பசங்க மேல.

இடது கை ஸ்பின் போடற, கீழ வரிசைல அடிக்கற 37 வயசு ஜடேஜா ராஜஸ்தானுக்கு 14 கோடி. அதே வேலையைச் செய்யப் போற 20 வயசுப் பையன் சென்னைக்கு 14.20 கோடி. பையன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, நல்லா ஆடட்டும். ஆனா ஒப்பந்தத்தோட மிச்ச ஆயுள் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். கத்துக்கறதுக்கு ஒரு சீசன் போனா, பலன் தர்றதுக்கு ஒரே ஒரு சீசன்.

சரி, 2027-ல தக்க வச்சுக்கலாமே? போன தடவை விதி அப்படியே தொடர்ந்தா, இந்தியாவுக்கு ஆடாத வீரரைத் தக்க வைக்க 4 கோடி போதும். ஆனா அந்தப் பையன் எதிர்பார்த்த அளவு பெரிய ஆளா வந்திருந்தா இந்தியாவுக்கு ஆடியிருப்பான். அப்போ 11, 14, 18 கோடி ஸ்லாப்தான். 4 கோடிக்குக் கிடைக்கறான்னா அவன் நீங்க 14.20 கோடி கொடுத்த அளவுக்கு வரலைன்னு அர்த்தம். இளம் வீரர்ல முதலீடு பண்றோம்னு சொல்றது டிராஃப்ட் லீக்ல முதலீடு. இங்க பெரும்பாலும் அது வாடகை. வாடகை வீட்டுக்கு மாடுலர் கிச்சன் போடற மாதிரி.

இன்னொரு முரண்பாடு மதீஷா பதிரனா. 13 கோடிக்குக் கையில இருந்தவரை விட்டுட்டாங்க. அந்த ஏலத்துலயே கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்தது. 2025-ல அவர் அடி வாங்கினது உண்மைதான். ஆனா வயசு 22, ரெண்டு சீசன் பாக்கி, சந்தை விலையை விட 5 கோடி குறைவான ஒப்பந்தம். சீரமைப்புன்னு சொல்லிட்டு விட வேண்டிய கடைசி ஆள் அவர்தான். விட்டே ஆகணும்னா டிரேட் பண்ணி பதிலுக்கு ஏதாவது வாங்கியிருக்கலாம். ஜடேஜா விஷயத்துல காட்டின கணக்கு இங்க எங்க போச்சு?

சந்தை விலைன்னதும் சாம் கரனை மறக்கக் கூடாது. 2023 ஏலத்துல பஞ்சாப் அவருக்குக் கொடுத்தது 18.50 கோடி, அன்னிக்கு ஐபிஎல் சாதனை. ரெண்டு வருஷத்துல 2.40 கோடி. அதே ஆள், அதே கை.

இப்போ இதையெல்லாம் ஒரு பர்சனல் ஃபைனான்ஸ் பக்கத்துல ஏன் எழுதறேன்? சேனல்ல அதிகம் வர்ற கேள்வி, "சார், வேற கம்பெனில ஆஃபர் வந்திருக்கு, போகலாமா?" அம்பத்தூர் எஸ்டேட்ல இருந்து கேட்டாலும் ஓஎம்ஆர்ல இருந்து கேட்டாலும், எல்லாரும் பார்க்கறது சிடிசி மட்டும்தான். ஜடேஜா 22 சதவீதம் குறைவான சம்பளத்துக்குக் கையெழுத்து போட்டார். டிரேடுக்கு வீரரோட சம்மதம் வேணும், கட்டாயப்படுத்த முடியாது. ஆனா ஐபிஎல் ஒப்பந்தத்துல அணி நினைச்சா எந்த வருஷமும் உங்களை ரிலீஸ் பண்ணலாம், நீங்களா வெளிய போக முடியாது. 37 வயசுல, கடைசி இடம் வந்த அணியில, அந்த 18 கோடி எவ்வளவு நிச்சயம்? 14 கோடி புது இடத்துல நிச்சயம்னா, அது சம்பளக் குறைப்பு மட்டும் இல்ல, ரிஸ்க் குறைப்பும்கூட. உங்க கம்பெனி ஒரு டிவிஷனையே மூடப் போகுதுன்னு தெரிஞ்சும், 10 சதவீதம் கம்மியா வர்ற நல்ல ஆஃபரைத் தள்ளறவங்க இந்த இடத்தைத்தான் யோசிக்கறதில்ல.

அதே ஜடேஜாதான் 2010-ல ராஜஸ்தானோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம வேற அணியோட நேரடியா பேரம் பேசினதுக்காக ஒரு சீசன் முழுக்கத் தடை வாங்கினார். ஆஃபர் லெட்டர்ல நோட்டீஸ் பீரியட், ஜாயினிங் போனஸ் திருப்பித் தர்ற நிபந்தனை, போட்டி கம்பெனிக்குப் போகக் கூடாதுங்கற வரி, இதெல்லாம் இருக்கும். ராஜினாமா மெயில் அடிக்கறதுக்கு முன்னாடி அந்த லெட்டரை எடுத்து ஒரு தடவை படிங்க.

அப்புறம் ஒப்பந்தத்துல நீங்க எந்த இடத்துல நிக்கறீங்கன்னு பாருங்க. பேசிக் 40,000 வச்சுக்கோங்க. அஞ்சு வருஷம் முடிஞ்சா கிராஜுவிட்டி: 40,000-ஐ 15-ஆல பெருக்கி, 26-ஆல வகுத்து, அஞ்சால பெருக்கினா ஏறக்குறைய 1,15,385 ரூபாய். நாலரை வருஷத்துல கிளம்பினா பூஜ்யம். நாலு வருஷம் 240 நாள் முடிஞ்சாலே போதும்னு 1998-லயே மெட்ராஸ் ஹைகோர்ட் மேட்டூர் பியர்ட்செல் வழக்குல சொல்லியிருக்கு. ஆனா எல்லா ஹெச்ஆரும் அதை ஏத்துக்கறதில்ல, அதை முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. 2025 நவம்பர் 21-லேர்ந்து நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புப்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்துல இருக்கறவங்களுக்கு ஒரு வருஷமே போதும். நீங்க அந்த வகையான்னு அப்பாயின்ட்மென்ட் லெட்டர்லதான் தெரியும். பிஎஃப்-ஐ எடுக்காம புது கம்பெனிக்கு மாத்துங்க. அப்போதான் அஞ்சு வருஷக் கணக்கு தொடரும், பின்னாடி எடுக்கறப்போ வரி இருக்காது.

போகப் போற கம்பெனி எந்தக் கட்டத்துல இருக்குங்கறதும் முக்கியம். "நாங்க புதுசா ஒரு டீம் கட்டறோம், ரெண்டு வருஷத்துல பெரிய ஆளாயிடலாம்"னு சொல்வாங்க. உங்க பங்கு வெஸ்ட் ஆக நாலு வருஷம், அவங்க கிட்ட ஃபண்டிங் இருக்கறது பதினெட்டு மாசத்துக்குன்னா, பிரசாந்த் வீர் கணக்குல சென்னை எங்க நிக்குதோ அங்கதான் நீங்களும் நிப்பீங்க. இன்டர்வியூ முடிவுல "ஏதாவது கேள்வி இருக்கா?"ன்னு கேட்பாங்களே, அப்போ கேட்க வேண்டிய கேள்வி, அடுத்த ஃபண்டிங் எப்போ, இந்த ரோல் புதுசா உருவானதா, இல்ல ஒருத்தர் விட்டுட்டுப் போனதா.