கைகோத்தாதான் பவர் வரும்! - பொண்ணுங்க ஃப்ரெண்ட்ஷிப்பைக் கொண்டாடும் மேஜிக்கல் கேர்ள் அனிமே

தமிழ் பேசுற அனிமே உங்க போன்ல எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. 'ஜுஜுட்சு கைசென்', 'சோலோ லெவலிங்'னு லிஸ்ட் நீளும். 2025 செப்டம்பர்ல 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழ் டப்பிங்கோட தியேட்டருக்கே வந்துச்சு. எல்லாம் செம ஹிட்தான். ஆனா, பெரும்பாலும் ஹீரோ ஒரு பையன். அவனுக்கு உயிரைக் கொடுக்கும் நண்பர்கள். பொண்ணுங்களோட நட்பு எங்கே?

அதுக்குன்னே ஜப்பான்ல ஒரு வகை இருக்கு. பேரு 'மேஜிக்கல் கேர்ள்'. சாதாரண ஸ்கூல் பொண்ணுக்கு மாயசக்தி கிடைக்கும், அவ்வளவுதான் கதை. 1992-ல் வந்த 'செய்லர் மூன்' இதை ஒரு தோழிகள் டீமின் கதையா மாத்துச்சு. 2004-ல் வந்த 'ஃபுதாரி வா ப்ரிக்யூர்' இன்னும் ஒரு படி மேலே போச்சு. இயக்குநர், 'டிராகன் பால் இஸட்' புகழ் டைசுகே நிஷியோ. அதனால அடிதடிக்குப் பஞ்சமில்லை.

நாகிசா விளையாட்டுப் பிள்ளை, ஹோனோகா சயின்ஸ் பைத்தியம். ரெண்டு பேருக்கும் பொதுவா எதுவுமே இல்லை. ஆனா, கைகோத்தாதான் உருமாற முடியும். தனியா நின்னா பவர் ஜீரோ! 8-வது எபிசோட்ல ரெண்டு பேரும் 'டூ' விட்டுடுவாங்க. ஒருத்தி எழுதி வச்சதை இன்னொருத்தி படிச்சதும்தான் மனசு இறங்கும். இன்னிக்கும் ரசிகர்கள் கொண்டாடுற எபிசோட் அது.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

குமரி மாவட்டம் இனயம் மாதிரி ஒரு கடற்கரை ஊரை எடுத்துக்குவோம். பசங்க நட்புக்குக் கடற்கரை மணல் இருக்கு, ஃபுட்பால் இருக்கு. பொண்ணுங்களுக்கு? கோயில் பாடகர் குழு, மறைக்கல்வி வகுப்பு, ஸ்கூல் பஸ். பிளஸ் டூ முடிஞ்சதும் ஒருத்தி நர்சிங் படிக்கப் போயிடுவா, இன்னொருத்திக்குக் கல்யாணம் ஆகிடும். வாட்ஸ்அப் குரூப்ல பிறந்தநாள் வாழ்த்து மட்டும் மிஞ்சும். பாசம் குறையலை. சந்திக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை.

கூடி நின்னா பலம்னு இந்த ஊர்ப் பெண்களுக்கு அனிமே சொல்லித்தர வேண்டியதில்லை. 2016-ல் இனயம் துறைமுகத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தப்போ, எதிர்த்துப் போராடினவங்கள்ல பெண்களும் இருந்தாங்க. ஊர்ப் பிரச்னைக்குக் கூடினா பாராட்டுறோம். அதே பொண்ணுங்க சும்மா சிரிச்சுப் பேசக் கூடினா, 'வீட்ல வேலை இல்லையா?'ன்னு கேட்கிறோம்.

அங்கேதான் ப்ரிக்யூர் ஜெயிக்குது. அதுல நட்புங்கிறது வேலை முடிஞ்ச பிறகு கிடைக்கிற இடைவேளை இல்லை. அரட்டை, தீனி, சண்டை, சமாதானம் எல்லாம் சேர்ந்துதான் சக்தியே.

இந்த ஞாயித்துக்கிழமை ஒண்ணு பண்ணுங்க. பேசி ரொம்ப நாளான தோழிக்கு மெசேஜ் வேண்டாம், போன் போடுங்க. அம்மாவோட ஸ்கூல் தோழி இப்போ எங்கே இருக்காங்கன்னும் கேளுங்க. நம்பர் கிடைச்சா, நீங்களே டயல் பண்ணி அம்மா கையில கொடுத்துடுங்க!